தெக்குச் செவுத்துப் பல்லி

ஒரு வீட்ல ஒரு பல்லி இருந்துச்சு. அது உச்சு கொட்டுனா போதும், வீட்டம்மா வேதவல்லி ஓடிப்போய் காலண்டர்ல பலன் பாக்கும். நல்ல திசைன்னா சிரிக்கும், கெட்ட திசைன்னா வெளக்கமாத்தத் தூக்கும். அந்தச் சிரிப்புக்காகவே பல்லி தெனம் செவுரு செவுரா ஓடி எடம் மாத்துச்சு. ஓடுன ஓட்டத்துல பூச்சி பிடிக்க நேரமில்ல, வாலு நூலாப் போச்சு.

மூலையில இருந்த சிலந்தி கேட்டுச்சு: "என்னக்கா, இன்னிக்கு எந்தச் செவுத்துல டூட்டி?"

"வடக்குடி. தெக்கு ஆகாதாம், காலையில அந்தம்மா படிச்சுச்சு."

"தெக்குலதான் ஒரு கொழுத்த ஈசல் உக்காந்திருக்கு. பாத்துக்கிட்டே பட்டினி கெட."

பல்லி வடக்கப் பாத்துச்சு, ஈசலப் பாத்துச்சு. வயிறு கடமுடான்னுச்சு. ஒரே தாவு. முழுங்குன சந்தோஷத்துல அங்கேயே நின்னு வீடே கேக்குற மாதிரி உச்சு கொட்டுச்சு.

வேதவல்லி காலண்டரப் பாத்துட்டு மூஞ்சியச் சுருக்கிக்கிட்டு வெளக்கமாத்தோட வந்துச்சு.

"அக்கா, மொறைக்குது. வடக்க ஓடிரு"ன்னுச்சு சிலந்தி.

பல்லி நாக்கால கண்ணத் தொடச்சுக்கிட்டு, வெளக்கமாறு எட்டாத ஒசரத்துக்கு மட்டும் நிதானமா ஏறுச்சு. "காலண்டர் அந்தம்மாவோடது, வாய் என்னோடதுடி"ன்னு சொல்லிட்டு, அதே செவுத்துல இன்னும் மூணு தடவ கொட்டுச்சு.