கடைசிக் கதவுக்கு முன்னால்

"இந்த கேம் சரியில்லம்மா. திடீர்னு ரொம்ப நல்லா நடந்துக்குது" என்றாள் டிலுக்ஷி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தோனியம்மா மகளின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து வட்டகொடையில் மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துத் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் பாதிப் பேச்சைக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நல்லா நடந்தா நல்லதுதானே புள்ள?"

"ஐயோ, உனக்கு ஒண்ணும் புரியாது. இது பேய் பங்களா கேம். மொத ரவுண்டுல துப்பாக்கில மூணே மூணு குண்டு. ஒண்ணு குறி தப்புனா செத்தோம். கதவு கிரீச்சுன்னாலே நெஞ்சு நின்னுரும். போகப் போக பெரிய துப்பாக்கி கெடைக்கும், பயம் விட்டுப்போகும். இப்பப் பாரு, கடைசிக் கதவு. வாசல்லயே மருந்துப் பெட்டி நாலு, குண்டு கை நெறைய. பின்னால கேட்ட பாட்டையும் நிறுத்திட்டான்."

"அப்ப ஜெயிச்சிருவ."

"அதான் இல்ல! கேம் சும்மா ஒண்ணும் குடுக்காதும்மா. அள்ளி அள்ளிக் குடுக்குறான்னா, கதவுக்குப் பின்னால பெருசா ஒண்ணு நிக்குதுன்னு அர்த்தம்."

எண்ணெய் தேய்த்த கை நின்றது.

"கூட யாராச்சும் வருவாங்களா?"

"இதுவரைக்கும் ஒரு அக்கா கூட வந்தா. கதவு வரைக்கும்தான் வருவா. உள்ள தனியாத்தான் போகணும்."

"தெறக்காம இருந்துட்டா?"

"அப்படியே நிக்க வேண்டியதுதான். திரும்பிப் போற வழியும் பூட்டிருச்சு."

அந்தோனியம்மா சட்டென்று எழுந்தாள். "கோழிக் கறி அடி புடிச்சிரும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோழிக் கறி. இந்த வாரத்தில் இரண்டாவது தடவை.

டிலுக்ஷியின் விரல் கதவுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவள் சொன்னதே அவளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது. கேம் சும்மா ஒண்ணும் குடுக்காது.

அம்மாவுக்குப் போன் என்றாலே ஆகாது. போன் பேட்டரி இறங்க இறங்க மகளின் மூளையும் இறங்குகிறது என்று நம்புகிறவள். அப்படிப்பட்டவள் தானாகவே டேட்டா போட்டுக் கொடுத்திருக்கிறாள். புதுச் செருப்பு வந்திருக்கிறது. போன மாதம் பதினைந்தாவது பிறந்தநாளுக்குத் தலவாக்கலையிலிருந்து கேக் வந்தது. அதே வாரம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் மகளை நிற்கவைத்து, 'முழுசா ஒண்ணு எடுங்க தம்பி, வீட்டுல இருக்கட்டும்' என்றாள். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம்தான். 'படி' என்று ஒரு வார்த்தை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த மீனம்மா அக்காவும் குவைத்துக்குப் போகும் முன்னால் ஒரு வாரம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆக்கிப் போட்டாள். எட்டாம் நாள் காலை பிள்ளைகள் எழுந்தபோது அவள் இல்லை. அவளை அனுப்பிய ஏஜென்ட் சுமன், இந்த வாரம் மூன்று தடவை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அம்மாவோடு குசுகுசுவென்று பேசினான். டிலுக்ஷியைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இத்தனையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது, அவளோ பேய்களைச் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்!

உள்ளே கட்டிலில் அப்பா இக்னேசியஸ் படுத்திருந்தார். மலையில் சறுக்கி விழுந்து முதுகு போனதிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைக்க அம்மா ஒருத்தியால்தான் முடியும்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. அம்மா வெளிநாடு போகப் போகுதா?"

இக்னேசியஸ் மகளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? அம்மா இல்லாவிட்டால் அப்பாவை யார் தூக்குவது? நான் தூக்குவேன். சோறு நான் ஆக்குவேன். படிப்பையும் பார்த்துக்கொள்வேன். ஊர் பேர் தெரியாத வீட்டில் அம்மா தனியாகப் பயந்து கிடக்கக் கூடாது, அது போதும்.

கட்டிலுக்கு அடியில் பழைய சாக்குக்குப் பின்னால், அவள் நினைத்தபடியே, ஒரு புதுப் பயணப் பை இருந்தது. கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றினாள். கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று போட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டால், அங்கே போய்ப் பையைப் பிரிக்கும்போது கையில் கிடைக்கும். ஜிப்பை மெதுவாக இழுத்தாள்.

மேலாகப் பிளாஸ்டிக் உறையில் ஒரு ஆங்கிலப் படிவம் இருந்தது. வீட்டு வேலை தெரியும், குழந்தை பார்க்கத் தெரியும் என்ற கட்டங்களில் சரி போட்டிருந்தது.

"என்ன புள்ள, கதவத் தெறந்துட்டியா?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். குரல் அடைத்திருந்தது.

படிவத்தின் மூலையில், நீர்வீழ்ச்சித் திரைக்கு முன்னால் முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது அவள்தான். படத்துக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. அதற்கும் கீழே, வயது இருபத்து மூன்று என்று இருந்தது.