சம்பந்திக்குத் தலைசுற்றல்

"கண்டக்டர், வண்டிய நிறுத்துப்பா. எனக்குத் தலை சுத்துது."

சிதம்பரத்தில் ஏறிய சபாபதி, புதுச்சத்திரம் வருவதற்குள் இப்படிச் சொல்வது மூன்றாவது தடவை.

"ஐயா, இப்படி மரத்துக்கு மரம் எறங்கினீங்கன்னா கடலூருக்கு நாளைக்குத்தான் போவோம்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் விசிலை ஊதினார்.

சபாபதி எழுந்தார். ஆறடி உயரம், ஜரிகை அங்கவஸ்திரம், ஆளுக்கு முன்னால் நடக்கிற மீசை.

"ஞானம், நீயும் வா. தனியாப் போனா விழுந்துடுவேன்."

மனைவி ஞானாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலை நிமிராமல் அவரோடு இறங்கினாள். இருவரும் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்தார்கள்.

"வாந்தி எடுக்கவும் பொண்டாட்டி தொணையா?" என்றாள் பின்சீட்டுக் கீரைக்காரி. பஸ்ஸே சிரித்தது.

ரத்தினம்மாள் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் மகன் கலியமூர்த்திக்குத்தான் அவள் தன் மகள் தனத்தைக் கொடுப்பதாக இருக்கிறாள். காலையில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், "எங்க வீட்டையும் பாத்துடுங்க, அங்கேயே தேதியும் குறிச்சிடலாம்" என்று அவளையும் அவள் கணவர் தங்கராசுவையும் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பியவர் சபாபதி. அதற்கு முன்பு, ஒரு டம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். "இருபத்தெட்டு வருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எத்தனையோ தாசில்தாரப் பாத்துட்டேன். ஒரு நாள் தலைவலின்னு லீவு போட்டதில்ல. எங்க வம்சமே இரும்பு."

அந்த இரும்பு இப்போது பஸ் முழுக்கக் கேட்கும்படி ஓங்கரித்துக்கொண்டிருந்தது.

ரத்தினம்மாளும் பெருமைக்குக் குறைந்தவள் இல்லை. மூன்று தலைமுறை விசாரிக்காமல் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். பஸ் எந்தப் பக்கம் குலுங்கினாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சாய்ந்து உட்காருவதாவது.

"ஏங்க, இது பரம்பரை வியாதியா இருந்துட்டா?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். "நம்ம தனம் ஆயுசுக்கும் சொம்பத் தூக்கிக்கிட்டு அந்தப் பையன் பின்னால நிக்கணுமா?"

தங்கராசு வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டார். "பித்தமா இருக்கும். பேசாம வா."

சபாபதி திரும்பி ஏறினார். சட்டைப் பையிலிருந்து உப்பு நார்த்தங்காயை எடுத்து, பெரிய துண்டாகப் பிய்த்து மனைவியிடம் நீட்டினார். "நீயும் போட்டுக்க. தனியாத் தின்னா எனக்கு ஒத்துக்காது."

வாந்தி எடுக்கவும் துணை, நார்த்தங்காய் தின்னவும் துணை. ரத்தினம்மாள் மனசுக்குள் கல்யாணத்தை நிறுத்தியே விட்டாள்.

கடலூரில் வீடு குறை சொல்ல முடியாமல் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கூடத்தில் ஆண்கள் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன், கெளம்பிடலாம்" என்று தங்கராசுவின் காதில் ஓதிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள்.

"ஒளிக்காமச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஞானாம்பாளிடம். "பையன் தங்கம். ஆனா ஒங்க வீட்டுக்காரரு ஒடம்பப் பாத்தா பயமா இருக்கு. இந்தப் பேச்ச இத்தோட விட்டுடலாம்."

ஞானாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வருவதற்குள், சுவர் சரிவதைத் தடுக்கப் போகிறவள்போலக் கையை நீட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த டபரா உருண்டது.

அந்தச் சத்தத்துக்குக் கூடத்திலிருந்து ஓடிவந்தார் சபாபதி. இருபது வயசுப் பையன் ஓட மாட்டான் அந்த ஓட்டம்.

"ஞானம், தலையத் தாழ வெச்சுக்க. மெதுவா மூச்சு விடு. இதோ தண்ணி" என்றவர், பக்கத்தில் ரத்தினம்மாள் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். உடனே நெற்றியில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"அம்மாடி... எனக்கு மறுபடியும் தலை சுத்துது."

"போதும், விடுங்க" என்றாள் ஞானாம்பாள், கண்ணைத் திறக்காமலே. "பொண்ணே கைய விட்டுப் போவப்போவுது. எனக்குத்தாம்மா தலைசுத்தல். தூரமாவறது நிக்கிற வயசுல செல பேருக்கு இப்படி வருமாம், நர்சம்மா சொன்னாங்க. வெளிய சொல்ல முடியுதா? மருமவ வர்ற நேரத்துல மாமியாக்காரி முழுகாம இருக்கான்னு ஊரு சிரிக்கும். அந்தச் சிரிப்ப இவுரு வாங்கிக்கிட்டாரு."

சபாபதி நெற்றியிலிருந்து கையை எடுத்து, தண்ணீர்ச் சொம்பை மனைவியிடம் நீட்டினார்.

தங்கராசு வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, கெளம்பலாமா?"

"ஆவணியிலேயே ஒரு நல்ல நாளாப் பாருங்க" என்றாள் ரத்தினம்மாள். "போங்க, ரெண்டு பேரும் போயிக் குறிங்க."

ஆண்கள் போனதும் அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். சுவரைத் தடவித் தடவி வந்து, ஞானாம்பாளின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, அன்று முதல் தடவையாகச் சாய்ந்துகொண்டாள்.

"அந்தத் தண்ணியில எனக்கும் ஒரு வாய் குடுங்க சம்பந்தி. எனக்கு இது ரெண்டு வருஷமா இருக்கு. எங்க வீட்டுல அவருக்கு இன்னும் தெரியாது."