மஞ்சள் களிம்பு

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. களிம்பை ஒரு நாளும் விடாமல் பூசினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. காலமையும் பின்னேரமும் பூசினனான். ஒரு நாளும் விடேல்லை" என்றார் சந்தியோகு.

லவீனா ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். குருநகர்க் கடலில் நாற்பது வருடம் மீன்பிடித் தொழில் செய்தவர் அவர். பாதத்தில் வந்த நீரிழிவுப் புண் இப்போது கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நாளை விடிந்ததும் அந்தக் காலை வெட்டி எடுக்கப் போகிறார்கள்.

குப்பைமேனிச் சாற்றையும் மஞ்சளையும் கண்ணுக்குத் தெரியாத நனோத் துகள்களில் ஏற்றி, புண்ணின் அடிவரை கொண்டுபோகும் களிம்பு அது. லவீனா வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் உருவானது. சோதனைக்கு அறுபது நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து. மற்றவர்களுக்கு அதே மஞ்சள் நிறத்தில் வெறும் பசை. போத்தலில் இலக்கம் மட்டும்தான். யாருக்கு எது கிடைத்தது என்று சோதனை முடியும்வரை ஒருவரும் அறியக்கூடாது.

"எனக்கு வெறும் பசை வந்திட்டுது போலை. அதுக்கேன் அழுறாய்? கதிரையிலை இருந்து வலை பின்னுவன்" என்றவர் வாசலைப் பார்த்துச் சிரித்தார். "உங்கை பார், ஆர் வாறான் எண்டு!"

அயல்வீட்டு இன்னாசித்தம்பி தடியில்லாமல் நடந்து வந்தார். அவரும் அதே சோதனையில் சேர்ந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கும் இதே புண்.

"பிள்ளை, எனக்கு நல்லாக் காய்ஞ்சு போச்சு! திங்கக்கிழமை தொழிலுக்குப் போறன். உன்ரை மருந்துதான் என்ரை காலைக் காப்பாத்தினது."

லவீனா குனிந்து அவருடைய பாதத்தைப் பார்த்தாள். அவர் விடைபெற்றுப் போனதும் அப்பாவிடம் திரும்பினாள்.

"இன்னாசி மாமாக்குப் புண் எப்பிடியப்பா மாறினது?"

சந்தியோகு குரலைத் தாழ்த்தினார்.

"கோவியாதை பிள்ளை. லவீனா தகப்பனுக்கு நல்ல மருந்தாப் பார்த்து எடுத்துக் குடுத்திருப்பாள் எண்டு கரையிலை கதைச்சாங்கள். எனக்குப் பொறுக்கேல்லை. என்ரை பிள்ளை கள்ளம் செய்யாது எண்டு சொல்லி, முதல் நாளே எல்லாருக்கும் முன்னாலை என்ரை போத்தலை இன்னாசிக்குக் குடுத்திட்டு அவன்ரையை வாங்கினனான்."

சொல்லிவிட்டுப் பெருமையோடு அவளுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டார்.

இலக்கப் பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, அப்பாவுக்கு விழுந்திருந்த வெறும் பசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மருந்தை வைத்தது அந்தக் கைதான்.