சுகெங் வீட்டுக் காலைக் கச்சேரி

விடிந்ததும் விடியாததுமாக சுகெங் பாட ஆரம்பித்துவிட்டான்.

அடுப்பில் சோயா தெம்பே கருகுவதைக்கூடக் கவனிக்காமல் முர்த்தினி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குரல் ஒன்றும் கேட்கும்படியாக இல்லை. கூண்டுப் புறாவே முதுகைத் திருப்பிக்கொண்டது.

பாட்டோடு நின்றானா? தன் வாசலைப் பெருக்கிய கையோடு பக்கத்து வீட்டு வாசலையும் பெருக்கினான். கஞ்சி வண்டியை நிறுத்தி, எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாக வாங்கிக் கொடுத்தான்.

முர்த்தினிக்குப் பகீரென்றது. அடையாளங்கள் அவளுக்கு மனப்பாடம். முதலில் பாட்டு, அப்புறம் தாராளம், அப்புறம் தூக்கம் போய்விடும். போன தடவை வீட்டு ஃப்ரிட்ஜே தெருமுனையில் சாத்தே கறி சுடும் கடைக்காரனுக்கு அன்பளிப்பாகப் போயிற்று. அது ஓய்ந்த பிறகு மாதக்கணக்கில் படுக்கை.

மனசு ஏறி இறங்கும் பைபோலார் என்றார்கள். புது டாக்டர், எல்லாருக்கும் ஒரே மருந்து சரிப்படாது, ஆளுக்கு ஆள் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வேறு, அதைப் பார்த்துத்தான் மாத்திரையும் சாப்பாடும் என்றுவிட்டார்.

சந்தே சிரித்தது. கோளாறு தலையில், சோதனை கக்கூஸில்.

மலம் கொண்டுவர ஆஸ்பத்திரி இரண்டு டப்பா கொடுத்தது. ஒன்றே போதுமானதாக இருந்தது. மற்றதைக் காலியாகத் திருப்பித் தருவது சோலோ ஊரில் மரியாதையா? சுகெங் அதில் தெம்பே வறுவலை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். எதைச் சோதிப்பது என்று நர்ஸ் போன் பண்ணிக் கேட்டாள்.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு தார்மியின் தலை முளைத்தது.

"என்னடி, காலையிலேயே கச்சேரி? ராத்திரி எல்லாரும் தூங்கினீங்களா இல்லையா?"

முர்த்தினி நேராகப் போய் சுகெங்கின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. ராத்திரி தூங்கினீங்களா?"

"நான் விட்ட குறட்டை சந்துக்கே கேட்டிருக்கும். நீ தூங்கினியா?"

"நல்லாத்தான் தூங்கினேன்."

"அப்பாடா. நேத்து சாயங்காலமே டாக்டர் போன் பண்ணாரு. உன் வயிறு வழிக்கு வந்துடுச்சாம். உனக்கு ராத்திரி மாத்திரையில ஒண்ணைக் குறைச்சுடலாமாம். அப்பவே சொன்னா சந்தோஷத்துல நீ விடிய விடிய முழிச்சிருப்பேன்னு பொத்தி வச்சிருந்தேன்."

தன் வியாதி அவனுக்கும் தொற்றிவிட்டதோ என்று பயந்ததை நினைத்து முர்த்தினி வாய்விட்டுச் சிரித்தாள். இவ்வளவு சிரிக்கலாமா என்று பழக்கதோஷத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அவளைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.