சூலத்தின் தினவு

அசுரன் செத்துவிட்டான், சூலம்தான் அடங்கவில்லை. ஆத்தாவின் கையை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. அதன் முனை மின்னும்போதெல்லாம் அவள் பிள்ளை பசியோடு பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. ஆத்தாவுக்குப் பால் கட்டி வலித்தது.

அவளைச் சுமந்த சிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "சண்டைதான் முடிஞ்சுபோச்சே. இறங்கித் தொலையேன்."

"நீ சும்மா சுமந்தவன். குத்தினது நான்," என்றது சூலம். "எனக்கு இன்னும் ஒரு குத்து பாக்கி இருக்கு."

சிங்கம் உறுமிப் பார்த்தது, கெஞ்சியும் பார்த்தது. சூலம் மசியவில்லை.

அப்போது பக்கத்து மரத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டு வந்தது. "ஒரு குத்துதானே? என்னைக் குத்திக்கோ."

"அசுரனைக் குத்தின நான் உன்னையா?"

"ஏன், பயமா?"

சூலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது, ஓங்கிக் குத்தியது. பழம் கத்தவில்லை, கழன்று விழவும் இல்லை. முனையை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சாறு வழிந்து, காய்ந்த ரத்தத்தைக் கழுவியது. தினவு அடங்கி, சூலம் ஆத்தாவின் கையை விட்டு இறங்கி நின்றது.

பிள்ளை எட்டிப் பார்த்தது. உச்சியில் மஞ்சளாக ஏதோ பந்து. ஓடி வந்து ஆத்தா மடியில் ஏறிக்கொண்டது.

அசுரனைக் கொன்றது யார் என்று கேட்டால் சிங்கம் ஆத்தாவைச் சொல்லும். சண்டையை முடித்தது யார் என்று கேட்டால், அந்த எலுமிச்சம்பழம் என்று சொல்லும்.