சலவைக் கூடைச் சண்டை

“விடுங்க, நானே துவைச்சுக்கறேன்.”

“நீ போய் உட்காரு. நான் போடறேன்.”

சலவைக் கூடையின் ஒரு காதை அவர் பிடித்து இழுக்க, மறு காதை மனைவி விடுவதாக இல்லை. வாசலில் நின்று பார்த்த பக்கத்து வீட்டம்மா கண் வைக்காத குறைதான். “எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தாது!” என்று பெருமூச்சு விட்டபடி போனாள்.

கடைசியில் கூடை அவர் பக்கம் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக், மனைவி கணக்கு டீச்சர். இழுபறியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் கதையே வேறு.

சலவை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். துணியைத் திணித்து மிஷினை ஓட விட்டு, அதன் குமிழை மூன்று முறை இடப்பக்கம் திருப்பினார். சின்னத் திரையில் ஓடிய நிமிடக் கணக்கு மறைந்து, ஒரு துப்பாக்கி முளைத்தது.

அது ஒரு பழைய சுடும் விளையாட்டு. அதைச் செய்த கம்பெனி, எந்தக் காலத்திலோ அதன் நிரலைப் பொதுவில் வைத்து, ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டது. அன்று பிடித்தது ரசிகர்களுக்குப் பைத்தியம். திரை என்று ஒன்று எதில் இருந்தாலும் சரி, அதற்குள் இந்த விளையாட்டை ஓட வைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

நம்மவருக்கு அந்த ரசிகர் வட்டத்தில் பெயர் ‘தோட்டா’. கால்குலேட்டரில் ஓட வைத்த நண்பருக்குப் பெயரே ‘கால்குலேட்டர்’. வட்டத்தில் சலவை மிஷின் பக்கம் மட்டும் இதுவரை யாரும் போகவில்லை. நாளைக்குத் தோட்டா தன் நிரலை எல்லோர் முன்னிலையிலும் வெளியிடப் போகிறார்.

வீட்டில் தெரிந்தால் தொலைந்தார். போன தடவை மைக்ரோவேவுக்குள் விளையாட்டை ஏற்றியதில் பால் கருகி வீடே நாறியது. “இனிமே வீட்டுச் சாமான்ல கை வெச்சீங்கன்னா, உங்க கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போயிடும்” என்றாள் மனைவி. சொன்னால் செய்வாள். அந்தக் கம்ப்யூட்டர் போனால் தோட்டாவுக்குக் கை ஒடிந்த மாதிரி.

அதனால்தான் இந்தத் தடவை அவ்வளவு ஜாக்கிரதை. மிஷின் துவைக்கும்போது மட்டுமே விளையாட்டு ஓடும்படி செய்திருந்தார். மனைவியிடமும், “குமிழை இடப்பக்கம் மட்டும் திருப்பிடாதே, ரிப்பேர் ஆயிடும்” என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் இப்போது திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கால்குலேட்டருக்குப் போன் போட்டார்.

“மறுபடியும் அதே கூத்துதான்டா. நேத்து மூணாவது லெவல்ல, கைத்துப்பாக்கியோட சேவ் பண்ணிட்டுப் போனேன். இன்னைக்குத் திறந்தா ஏழாவது லெவல்ல பீரங்கியோட நிக்கறான்!”

“தானாவா?”

“தானாத்தான். நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அவன் பாட்டுக்கு முன்னேறிடறான். என்னைவிட நல்லா வேற ஆடறான்.”

“நிரல்ல எங்கயாவது தப்பு பண்ணியிருப்பே.”

“வரி வரியா பேன் பார்க்கற மாதிரி பார்த்துட்டேன். ஒண்ணும் சிக்கலை.”

“அப்போ மெமரியில குப்பை சேர்ந்திருக்கு. சேவ் பண்ணினதை மொத்தமா துடைச்சுடு. நாளைக்கு நாலு பேர் முன்னாடி மிஷின் தானா விளையாடிச்சுன்னா மானம் போயிடும்.”

நியாயம்தான் என்று பட்டது. அந்த மிஷினில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மீதி இடமெல்லாம் துணி துவைக்கிற வேலைக்கு வேண்டும். தோட்டா அந்த ஓர் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். விளையாட்டு பரம சாதுவாக முதல் லெவலிலிருந்து தொடங்கியது. அணைத்துத் திறந்தார். அப்போதும் முதல் லெவல். கோளாறு ஒழிந்தது!

சீட்டி அடித்துக்கொண்டு துணிக்கூடையுடன் வெளியே வந்தார். அறை வாசலிலேயே மனைவி ஒரு குவியல் திரைச்சீலைகளோடு காத்திருந்தாள்.

“இதை நேத்துத்தானே துவைச்சே?”

“தூசி.”

அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தோட்டாவுக்கு நாளை வரை பொறுக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நிரலை அப்போதே வெளியிட்டுவிட்டார். பாராட்டு மழையாகக் கொட்டியது. ‘தலைவா, சலவை மிஷினையே சாய்ச்சுட்டியே!’ என்று எழுதியிருந்தார் தையல் மிஷினில் ஓட்டிக் காட்டிய அம்மாள். தோட்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திடீரென்று மிஷின் சத்தம் நின்றது. கதவு படாரென்று திறந்தது.

தோட்டா துள்ளி எழுந்தார். இரண்டு கையையும் விரித்துக் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றார். தோளில் ஈரத் திரைச்சீலையும் முகத்தில் அனலுமாக வந்து நின்றாள் மனைவி.

“மி... மிஷின் ரிப்பேராம்மா?” என்றார் ஈனக்குரலில்.

வகுப்பையே நடுங்க வைக்கும் அந்தக் குரலில் அவள் கேட்டாள்:

“என்னோட ஏழாவது லெவல் எங்கே?”