பழைய வேகம்

அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவை மேசைக்குக் கீழே, பழைய இடத்திலேயே வைத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை.

பழைய புரோகிராமைத் திறந்தாள். திரை ஒரு நொடி கறுத்து, அணைந்துவிட்டது.

“மூணு நாளா இதேதாங்க்கா. தொறந்த உடனே செத்துப்போகுது,” என்றான் சின்ன முதலாளி.

சாயப்பட்டறையின் அத்தனை நிறங்களும் அதற்குள்தான் இருந்தன. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம், எத்தனை கிராம். இருபத்தாறு வருடம் அவள் ஒவ்வொன்றாக ஏற்றியது. போன வாரம் பழைய கணினி புகைந்துபோயிற்று. உள்ளே இருந்ததையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றியாயிற்று, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. வெளிநாட்டுக்காரனோ நாலு வருடத்துக்கு முன் வாங்கிய அதே மெரூன்தான் வேண்டும் என்கிறான். வந்து பார்த்த கெட்டிக்காரர்கள் மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன், இதே அறையில், இதே வாய்தான் சொன்னது: “உங்க ஸ்பீடு இந்தக் காலத்துக்குப் பத்தாதுங்க்கா.”

காலையில் மகள் கேட்டாள், கூப்பிட்டதும் ஓடுகிறாயே, உனக்கு ரோசமே இல்லையா என்று.

ரோசம் இருந்தது. வேலையும் வேண்டுமே. இதைச் சரிசெய்து கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். அதற்காகத்தான் டப்பா.

கோளாறு பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தப் புரோகிராம் திறந்ததும் முதல் வேலையாகக் கணினியின் வேகத்தை அளக்கும். புதுக் கணினியின் வேகம் அதற்குத் தாங்காது. விழுந்துவிடும்.

பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டாள். வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

லட்ச ரூபாய்க் கணினி ஆமையாக நகர்ந்தது.

புரோகிராம் திறந்துகொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மெரூன் வந்தது, கிராம் பிசகாமல். மொத்தம் இருபது நிமிடம். அவளுக்கே பெருமையாக இருந்தது.

அவன் திரையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். என்னென்ன செய்தாள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வாங்கிக்கொண்டான். ஏதாவது ஓர் எண்ணை அவள் மறைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

தாளை மடித்துப் பையில் வைக்கும்போது அவன் கண் மேசைக்குக் கீழே போனது.

“அட, சாப்பாடெல்லாம் எதுக்குங்க்கா தூக்கிட்டு வந்தீங்க? மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கே போயிரலாமே.”

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

சோறு இன்னும் சூடாக இருந்தது.